ஒளிப்படக்கலை வளர்ந்த வரலாறும் நம் சமுதாயமும்

ஒரு மக்களின் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் ஓலைச்சுவடியிலும் காக்கப்படுகிறது என்பர். கல்லில் வெட்டுவிக்கப் பொருள் வேண்டும். செப்பில் பொறிக்க அதிகாரம் வேண்டும். ஓலையில் எழுத எழுத்தறிவு வேண்டும். இம்மூன்றும் மறுக்கப்பட்ட நம் முன்னோர் தம் வரலாற்றைத் தாமே எழுதி வைத்துச் செல்ல இயலவில்லை. நாஞ்சில் நாட்டு ஓலைகளில் அவர்கள் இடம்பெறவில்லை என்று சொல்லிவிடவும் முடியாது. அழகியபாண்டியபுரம் முதலியார் ஓலைகளில் அடிமைகளை விற்றதற்கும் வாங்கியதற்குமான ஆவணங்கள் உள்ளன. அங்கே அவர்கள் நிலத்தோடும் நெல்லோடும் சேர்த்து எண்ணப்பட்ட உடைமைகளாக நிற்கிறார்கள். அவர்தம் முகம் எப்படி இருந்தது என்பதை எந்த ஓலையும் கூறாது.

முகத்தைப் பதிந்து வைக்கும் கலை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிறந்தது. நிழற்படம், புகைப்படம், ஒளிப்படம் எனப் பல பெயர்களால் நாம் வழங்கும் அக்கலை, வேதியியலால் பிறந்து தொழிற்சாலையால் வளர்ந்து இன்று மின்னணுவியலால் நடைபெறுகிறது. அது வளர்ந்த ஒவ்வொரு படியிலும் படம் எடுத்தவர் யார், எடுக்கப்பட்டவர் யார் என்ற வினாவும் உடன் வந்தது. வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில் நம் இளைஞர்கள் அவ்விரண்டையும் சேர்த்தே அறிதல் வேண்டும்.

வெள்ளி உப்பின் இயல்பு

இருண்ட அறையின் சுவரில் ஒரு சிறு துளை இருந்தால், வெளியிலுள்ள காட்சி எதிர்ச் சுவரில் தலைகீழாக விழும். இதனை அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர். ஆனால் விழுந்த உருவத்தை நிலைநிறுத்த வழி தெரியவில்லை. வெள்ளியின் சில உப்புகள் ஒளிபட்டால் கறுக்கும் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஷுல்ட்சே சோதித்துக் காட்டினார். இவ்விரண்டு உண்மைகளும் ஒன்று சேர்ந்த இடத்தில் ஒளிப்படம் பிறந்தது.

பிரான்சு நாட்டு நியேப்ஸ் 1826-27 அளவில் ஒருவகை நிலக்கீல் பூசிய உலோகத் தகட்டில் தம் வீட்டுச் சன்னலின் வெளிக்காட்சியைப் பதித்தார். அதற்குப் பல மணி நேர வெயில் தேவைப்பட்டது. அவருடன் கூட்டுச் சேர்ந்திருந்த டாகேர், வெள்ளி முலாம் பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியில் காட்டி, படம் எடுத்தபின் பாதரச ஆவியில் காட்டி உருவத்தை வெளிக்கொணர்ந்தார். 1839 ஆம் ஆண்டு ஆகஸ்டு 19 ஆம் நாள் இம்முறை பாரிசில் உலகறிய வெளியிடப்பட்டது. அந்நாளே ஒளிப்படக்கலையின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படுகிறது.

டாகேரின் தகடு கண்ணாடிபோல் மின்னும், நுணுக்கம் வியப்பூட்டும். ஆயினும் ஒரு தகட்டிலிருந்து இன்னொரு படி எடுக்க முடியாது. இக்குறையை நீக்கியவர் இங்கிலாந்தின் டால்பட். அவர் வெள்ளி உப்பேற்றிய தாளில் முதலில் எதிர்மறைப் படத்தை எடுத்தார். ஒளி பட்ட இடம் கறுத்து, படாத இடம் வெளுத்து நிற்கும் அத்தாளை மற்றொரு தாளின்மேல் வைத்து வெயிலில் காட்டினால் நேர்ப்படம் கிடைக்கும். ஓர் எதிர்மறையிலிருந்து எத்தனை படிகளும் எடுக்கலாம். 1841 இல் அவர் காப்புரிமை பெற்ற இம்முறையே அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு அடித்தளமாயிற்று. எஞ்சிய வெள்ளி உப்பைக் கரைத்து நீக்கிப் படத்தை நிலைக்கச் செய்யும் 'ஹைப்போ' என்னும் உப்பைப் பயன்படுத்த வழிகாட்டியவர் வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல். அவர் 1842 இல் கண்டறிந்த நீலப்படி முறையே பின்னாளில் பொறியாளர்களின் 'புளூ பிரிண்ட்' ஆயிற்று.

ஓர் ஒப்பீட்டை இங்கு நினைவிற் கொள்ளல் தகும். டாகேரின் தகடு வெளிவந்த 1839 இல் திருவிதாங்கூரில் மனிதரை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி நடந்துகொண்டிருந்தது. அடிமை முறையை ஒழிக்கும் அரசாணை 1855 இல்தான் வந்தது. மயிலாடியில் நம் மக்களிடையே தோன்றி, தென்திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறித்தவம் வேரூன்றக் காரணமாயிருந்த மகராசன் வேதமாணிக்கம், ஒளிப்படம் உலகுக்கு அறிவிக்கப்படுமுன்பே மறைந்தார். அவரைக் காமிராவின் முன் நிறுத்தும் வாய்ப்பே உலகில் எவருக்கும் இருந்ததில்லை.

நம் நாட்டில் ஒளிப்படம்

1851 இல் இங்கிலாந்தின் ஆர்ச்சர் 'கொலோடியன்' என்னும் பசைக்கரைசலைக் கண்ணாடியில் பூசும் ஈரத்தகட்டு முறையை வெளியிட்டார். படம் தெளிவாக வந்தது; ஒளிகாட்டும் நேரமும் சில விநாடிகளாகக் குறைந்தது. ஆனால் பூசிய கண்ணாடி காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் கழுவி முடிக்க வேண்டும். எனவே படம் எடுப்பவர் செல்லுமிடமெல்லாம் இருட்டறைக் கூடாரம், கண்ணாடிகள், இரசாயனக் குப்பிகள், தண்ணீர் ஆகியவற்றைச் சுமந்து செல்ல ஆட்கள் வேண்டியிருந்தனர். படத்தின் கீழே எடுத்தவர் பெயர் எழுதப்பட்டது. சுமந்தவர் பெயரை எழுத வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

சென்னை மாகாணத்தில் 1856 இல் ஒளிப்படக் கழகம் ஒன்று தொடங்கப்பட்டது. அக்காலத்தில் அரசு ஒளிப்படக்காரராக அமர்த்தப்பட்டவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப். அவர் தாள் எதிர்மறைகளைக் கொண்டே 1858 இல் மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை முதலிய ஊர்களின் கோயில்களையும் கோட்டைகளையும் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை இருபத்தொரு படங்களாக எடுத்து ஒன்றாக இணைத்த அவரது நெடும்படம் ஏறத்தாழ 19 அடி நீளமுடையது. அவருடன் பணியாற்றித் தொழில் கற்ற ஐயாசாமி என்னும் தமிழர் பின்னர் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியின் ஒளிப்படப் பணியில் ஈடுபட்டார். ஆளுநர் டிரெவெல்யன் இப்பணியை வீண் ஆடம்பரச் செலவென்று கருதி நிறுத்தியதால் டிரைப்பின் முயற்சி சில ஆண்டுகளிலேயே முடிவுற்றது.

டிரைப்பின் படங்களில் மதுரைக் கோயிலின் கோபுரங்களையும் மண்டபங்களையும் உலகமே கண்டது. அக்கோயிலின் வாயில் நம்மவர்க்குத் திறந்தது 1939 ஆம் ஆண்டு ஜூலை 8 ஆம் நாள். படம் எடுக்கப்பட்டதற்கும் வாயில் திறந்ததற்கும் இடையே 81 ஆண்டுகள் கழிந்தன. நம் மாவட்டத்துச் சுசீந்திரத்தில் வீதியில் நடக்கவும் கோயிலுள் நுழையவும் கிளர்ச்சிகள் செய்த பின்னரே, 1936 நவம்பர் 12 ஆம் நாளின் ஆலயப் பிரவேச அறிக்கையால் வழி பிறந்தது.

பெயரற்ற முகங்கள்

கோயில்களைப் படமெடுத்த காமிரா விரைவில் மனிதர்பால் திரும்பியது. 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்ற பெயரில் எட்டுத் தொகுதிகள் இலண்டனில் வெளிவந்தன. அவற்றில் நானூறுக்கும் மேற்பட்ட படங்கள் இடம்பெற்றன. 1857 கிளர்ச்சிக்குப்பின் தாம் ஆளும் மக்களை இனம் பிரித்து அறியவேண்டும் என்ற எண்ணம் ஆட்சியாளரிடம் வலுத்ததன் விளைவு அது. தென்னாட்டில் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், சாதி சாதியாக மக்களின் தலையையும் மூக்கையும் அளந்தார், படமும் எடுப்பித்தார். ரங்காச்சாரியின் துணையுடன் அவர் எழுதிய 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' 1909 இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்தது.

இத்தகைய நூல்களில் நம் மக்களின் படங்கள் உண்டு. படத்தின் கீழே சாதிப்பெயர் உண்டு. மனிதரின் பெயர் பெரும்பாலும் இல்லை. ஒரு தாவர மாதிரியின் கீழ் இனப்பெயர் எழுதுவதுபோல அது எழுதப்பட்டது. மேலும் படம் ஒரு கணத்தைக் காட்டும். அக்கணத்தின் காரணத்தைக் காட்டாது. அக்காலப் படங்களில் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளின் புலையப் பெண்கள் கழுத்து நிறைய மணிமாலைகளுடன் காணப்படுகின்றனர். பார்ப்பவர் அதனை அணிகலன் ஆசை என்றே எண்ணுவர். ஆனால் 1915 இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டில் அய்யன்காளியின் முன்னிலையில் அப்பெண்கள் அம்மாலைகளை அடிமைச் சின்னம் என்று அறுத்தெறிந்தனர். கட்டாயத்தால் அணிந்ததை வழக்கத்தால் அணிந்ததாகக் காட்டிய படத்துக்கு அவர்களே மறுப்பெழுதினர்.

இந்நிலை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 1850 இல் அகாசிஸ் என்னும் பேராசிரியரின் தேவைக்காக, அடிமைகளாயிருந்த ரெண்டி என்பவரையும் அவர் மகள் டெலியாவையும் ஆடை களைந்து நிறுத்தி டாகேர் தகடுகளில் பதித்தனர். அத்தகடுகள் 1976 இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் கண்டெடுக்கப்பட்டன. ரெண்டியின் வழிவந்தவர் என உரிமை கோரிய ஒரு பெண்மணி 2019 இல் வழக்குத் தொடுத்தார். 2025 இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அப்படங்களைத் தென் கரோலினாவிலுள்ள ஆப்பிரிக்க அமெரிக்கர் அருங்காட்சியகத்துக்கு ஒப்படைக்க அப்பல்கலைக்கழகம் இசைந்தது. அதே நாட்டில் அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் வேறொரு வழியைக் கண்டார். நல்லாடை அணிந்து, நேர்கொண்ட பார்வையுடன், தாமே விரும்பிக் காமிராவின்முன் அமர்ந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கரில் மிகுதியாகப் படமெடுக்கப்பட்டவர் அவரே என்பர். தம் மக்களை இழித்து வரைந்த கேலிச்சித்திரங்களுக்கு ஒளிப்படமே தக்க விடை என்று அவர் சொற்பொழிவாற்றினார்.

உலர் தகடும் ஸ்டூடியோவும்

1871 இல் ரிச்சர்டு மேடாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் கொலோடியனுக்கு மாற்றாக 'ஜெலட்டின்' என்னும் பசையில் வெள்ளி உப்பைக் கலந்து பூசலாம் எனக் கூறினார். இதனால் தகட்டை முன்கூட்டியே தொழிற்சாலையில் செய்து, காயவைத்து, பெட்டியில் அடுக்கி விற்க முடிந்தது. 1888 இல் ஈஸ்ட்மன் வெளியிட்ட கோடக் காமிராவில் நூறு படங்களுக்கான சுருள் இருந்தது. 1900 இல் வந்த பிரவுனி காமிரா ஒரு டாலருக்கு விற்கப்பட்டது. கூடாரமும் சுமையாளரும் தேவையற்றுப் போயினர்.

ஜெலட்டின் எதிலிருந்து கிடைக்கிறது என்பதை நம் இளைஞர் அறிய வேண்டும். மாட்டின் எலும்பையும் தோலையும் காய்ச்சி எடுப்பது அது. சில ஜெலட்டின்கள் மட்டும் ஒளிக்கு மிகுந்த கூர்மை காட்டுவது ஏன் என 1920களில் கோடக் ஆய்வுக்கூடத்தில் ஷெப்பர்டு ஆராய்ந்தார். அம்மாடுகள் மேய்ந்த கடுகுச் செடியிலிருந்து வந்த கந்தகச் சேர்மமே காரணம் எனக் கண்டார். ஆக, ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக உலகம் எடுத்த படச்சுருளும் கறுப்பு வெள்ளைப் படமும் எலும்பும் தோலும் தந்த பசையிலேயே நிலைபெற்றன. இறந்த மாட்டை அகற்றியதற்காகவும் தோலைப் பதமிட்டதற்காகவும் நம்மைத் தீட்டென்று தள்ளி வைத்தவர்கள், அதே பசையில் பதிந்த தம் மூதாதையர் படத்துக்குச் சந்தனப் பொட்டிட்டு மாலை சூட்டி வணங்கினர். தீட்டு என்பது பொருளில் இல்லை, அப்பொருளைத் தொட்டு உழைத்தவரின் பிறப்பின்மீது ஏற்றப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

உலர் தகடு வந்தபின் ஊர்கள்தோறும் ஸ்டூடியோக்கள் பெருகின. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் முதலிய ஊர்களிலும் அவை வந்தன. தீட்டிய திரைச்சீலை, சுழல் நாற்காலி, பூச்சாடி வைத்த மேசை, பின்னால் சிவப்பு விளக்கெரியும் இருட்டறை ஆகியவை அவற்றின் அடையாளங்கள். அச்சிடும் தாள் சிவப்பொளியை உணராது. ஆதலால் அவ்விளக்கின் கீழ் தொழில் நடந்தது. ஆய்வாளரின் காமிராவுக்கும் ஸ்டூடியோக் காமிராவுக்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. அங்கே மனிதர் நிறுத்தப்பட்டார். இங்கே தாமே விரும்பி வந்து, பணம் தந்து, தாம் தேர்ந்த உடையில் அமர்ந்தார். மேலாடை அணியும் உரிமைக்காக 1859 வரை போராட்டம் நடந்த மண் இது. இம்மண்ணில் சலவை வேட்டியும் மேல்சட்டையும் ரவிக்கையும் அணிந்து ஒரு கணவனும் மனைவியும் நாற்காலியில் சரிசமமாக அமர்ந்து எடுத்த படத்தை வெறும் திருமண நினைவு என்று கருதலாகாது. அஃது ஓர் உரிமை ஆவணமாகும். தலைப்பாகையும் கோட்டும் அணிந்த அய்யன்காளியின் உருவமும், கோட்டும் சூட்டும் அணிந்த அண்ணல் அம்பேத்கரின் உருவமும் நம் இல்லங்களில் இடம்பெற்றதன் பொருளும் அதுவே.

பின்னர் காமிரா எளியோர் கையையும் எட்டியது. ஒரு சுருளில் பன்னிரண்டு சதுரப் படங்கள் எடுக்கும் அக்ஃபா கிளிக் 3 பல இந்தியக் குடும்பங்களின் முதற் காமிராவாயிற்று. உதகமண்டலத்தில் 1960 இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசு நிறுவனம் 1967 முதல் 'இந்து' என்ற பெயரில் படச்சுருளையும் தாளையும் தயாரித்தது. எண்முறைக் காலத்தில் அதுவும் மூடப்பட்டது.

கறுப்பும் வண்ணமும்

தொடக்ககால வெள்ளித் தகடுகள் நீல ஒளியை மிகுதியாகவும் சிவப்பொளியை மிகக் குறைவாகவும் உணர்ந்தன. அதனால் நம்மவரின் பழுப்பு நிற மேனி உள்ளதைவிடக் கறுத்துப் பதிந்தது. எல்லா நிறங்களையும் ஒத்து உணரும் தகடுகள் 1906 முதல் விற்பனைக்கு வந்தன. ஆயினும் ஸ்டூடியோக்களில் எதிர்மறையின்மீது பென்சிலால் தீட்டி முகத்தை வெளுப்பாக்கும் 'டச்சிங்' வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. கருவியின் குறையை நீக்கப் பிறந்த கை வேலை, நிறத்தைப் பற்றிய தாழ்வெண்ணத்துக்குத் துணைபோயிற்று.

வண்ணப்படம் 1907 இல் லூமியே சகோதரர்களின் ஆட்டோகுரோம் தகடாக விற்பனைக்கு வந்தது. 1935 இல் கோடகுரோம் சுருள் வந்தது. ஆனால் கோடக் நிறுவனம் வண்ண அச்சைச் சரிபார்க்க ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் நெடுங்காலம் வெள்ளைநிறப் பெண்ணின் படமே இருந்தது. அவர் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி எனக் கொள்ளப்பட்டது. கறுத்த மேனியரின் முகக்குறிப்புகள் அச்சில் மங்கின. மரச்சாமான் செய்வோரும் சாக்லேட் செய்வோரும் தம் பொருள்களின் பழுப்பு நிறம் சரிவரப் பதியவில்லை என்று முறையிட்டதும் அச்சுருள் திருத்தப்படக் காரணமாயிற்று என ஆராய்ந்தோர் எழுதியுள்ளனர். பல நிறத்தவரும் இடம்பெற்ற அட்டை 1990களில்தான் வந்தது. கருவி எவருக்கும் பகையன்று. ஆனால் எவரை மனத்திற்கொண்டு அது செய்யப்பட்டதோ அவருக்கே அது முதலில் பயன்படும். அறிவியல் கற்கும் நம் பிள்ளைகள், கருவி செய்யும் இடத்திலும் நாம் இருத்தல் வேண்டும் என்பதை இதனால் உணர்வார்களாக.

எண்முறைக் காலம்

1969 இல் பெல் ஆய்வுக்கூடத்தில் பாயில், ஸ்மித் என்னும் இருவர் ஒளியை மின்னூட்டமாக மாற்றும் சில்லுக்கு வித்திட்டனர். 2009 இல் அதற்காக நோபல் பரிசில் பங்கு பெற்றனர். 1975 இல் கோடக் பொறியாளர் ஸ்டீவன் சாசன் செய்த முதல் எண்முறைக் காமிரா, பத்தாயிரம் புள்ளிகள் கொண்ட ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிய 23 விநாடிகள் எடுத்துக்கொண்டது. இன்று நம் பைகளிலுள்ள கைபேசி கோடிக்கணக்கான புள்ளிகளை ஒரு நொடியில் பதிகிறது. கோடகுரோம் உற்பத்தி 2009 இல் நின்றது. எண்முறைக் காமிராவை முதலில் செய்த கோடக் நிறுவனமே 2012 இல் திவால் பாதுகாப்பு நாடியது.

படம் எடுப்பது இன்று எளிது. ஒடுக்குமுறை நிகழுமிடத்தில் கைபேசியே சாட்சியாக நிற்கிறது. ஆனால் இழப்பதும் அதே அளவு எளிது. ஒரு கைபேசி பழுதானால் பத்தாண்டுப் படங்கள் ஒருங்கே மறையும். அலமாரியில் கிடந்த கறுப்பு வெள்ளைப் படம் எழுபது ஆண்டுகள் தாங்கியிருக்கிறது. கைபேசியில் உள்ளது ஏழாண்டு தாங்குமா என்பது நம் கவனத்தைப் பொறுத்தது.

நாம் செய்ய வேண்டுவன

பிறர் எழுதிய நூல்களில் நம் முன்னோர் பெயரின்றி நின்றனர். நம் வீடுகளில் உள்ள படங்களிலும் அவர்கள் பெயரின்றிப் போனால் அக்குற்றம் பிறருடையதாகாது. பழைய படத்தில் நடுவில் அமர்ந்திருப்பவர் யார் என்று சொல்லத்தக்க முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆதலின் நம் இளைஞர்கள் கீழ்க்காணும் பணிகளை மேற்கொள்ளுதல் நலம்.

முதலாவதாக, வீட்டிலுள்ள பழைய படங்களை முதியோரிடம் காட்டி, படத்திலுள்ள ஒவ்வொருவரின் பெயர், ஊர், உறவு, நிகழ்ச்சி, ஏறத்தாழ எந்த ஆண்டு என்பனவற்றைக் கேட்டெழுதுக. படத்தின் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் மட்டுமே எழுதுக; பேனா மை நாளடைவில் முன்புறம் ஊறும்.

இரண்டாவதாக, ஈரத்திலிருந்து காத்திடுக. நம் மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுவது, கடற்காற்றும் உண்டு. ஜெலட்டின் புரதப்பொருள் ஆதலால் ஈரத்தில் பூஞ்சணம் அதனை உண்ணும். கண்ணாடிச் சட்டத்தில் படம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஒட்டிக்கொள்ளும். பிய்த்தால் உருவமும் பெயர்ந்துவிடும். ஒட்டும் தாளுள்ள ஆல்பங்களையும் லாமினேஷனையும் தவிர்த்திடுக. தனித்தனிக் காகித உறைகளில் இட்டு, ஈரச்சுவரை ஒட்டாத அலமாரியில் வைத்திடுக.

மூன்றாவதாக, ஒவ்வொரு படத்துக்கும் எண்முறைப் படி ஒன்று எடுத்து இரண்டு மூன்று இடங்களில் சேமித்திடுக. மூலப்படத்தை உரியவரிடமே திருப்பித் தருக. அவரது இசைவின்றி எவரும் அதனைப் பிறர்க்கு வழங்கலாகாது.

நான்காவதாக, இன்று எடுக்கும் படங்களில் இன்றியமையாத சிலவற்றையேனும் ஆண்டுதோறும் அச்சிட்டுப் பெயரெழுதி வைத்திடுக. பள்ளியில் முதன்முதல் சேர்ந்த பெண்குழந்தை, பட்டம் பெற்ற மாணவர், வயலிலும் தோட்டத்திலும் உழைக்கும் தாய், ஊர்க்கூட்டம் ஆகியவை நம் நாளைய வரலாற்று மூலங்களாகும்.

கால் நூற்றாண்டுக் கல்விப்பணியின் பயன் எழுத்தறிவு பெற்றமையாகும். பெற்ற எழுத்தறிவால் செய்யத்தக்க முதற்பணிகளுள் ஒன்று, நம் முன்னோர் முகங்களின் கீழே அவர்தம் பெயரை நம் கையால் எழுதுவது. ஓலையில் உடைமையாகவும் நூலில் மாதிரியாகவும் நின்றவர்கள், நம் சுவரில் பெயரும் ஊரும் உடைய பெரியோராக நிற்பார்களாக.